உன் அம்மாவின் மொழியில் ஜெபம் படித்தேன்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. கடிதத்தின் தலையில் வழக்கமாகப் போடுகிற ஸ்தோத்திர வரியை இன்று போடவில்லை. போட்டால், மேலே படிக்காமல் மடித்து வைத்துவிடுவாயோ என்று ஒரு பயம். போன வியாழக்கிழமை சாயங்காலம் நீ புனேயிலிருந்து கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, நடுவிலேயே "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று போனை வைத்துவிட்டேன். அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். மறுநாள் ஷீலா கூப்பிட்டு, "மாமா, அவரு நேத்து சரியா சாப்பிடவே இல்ல, நீங்க ஏதாவது திட்டினீங்களா?" என்று கேட்டாள். நான் திட்டவில்லை, கோபமும் இல்லை. உன் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை, அவ்வளவுதான். போனில் வாய்க்கு வந்ததைச் சொல்லி மழுப்புவதைவிட, உட்கார்ந்து எழுதினால் உண்மை வரும் என்று தோன்றியது.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க அடுத்த மாதம் நீங்கள் மூவரும் ஓசூருக்கு வருகிறீர்கள். அதைப் பற்றிப் பேசும்போதுதான் நீ கேட்டாய்: "அப்பா, சபை ஐயர் எல்லார் முன்னாடியும் என்னை நிக்க வச்சுக் கேப்பார். விசுவாசிக்கிறியா, இந்தப் பிள்ளைய விசுவாசத்துல வளப்பியான்னு. நான் ஆமான்னு சொல்லணும். எனக்கு ஜெபம் வந்து ரொம்ப நாளாச்சுப்பா. உள்ள ஒண்ணுமே இல்ல. பிள்ளையக் கையில வச்சுக்கிட்டுப் பொய் சொல்லவா?" உன் குரல் வேறு மாதிரி இருந்தது. சின்ன வயதில் திடப்படுத்தல் வகுப்புக்குப் போய் வந்து, கடவுள் ஏன் சிலருக்கு மட்டும் பதில் சொல்கிறார் என்று என்னைக் கேட்டாய். "ஐயர்கிட்டப் போய்க் கேளு" என்று சொல்லிவிட்டு நான் ஷிப்டுக்குக் கிளம்பினேன். இந்த முறை அப்படிக் கிளம்ப எனக்கு ஷிப்டும் இல்லை, மனசும் இல்லை.

அம்மா பழையபடி இருந்திருந்தால் போனை வாங்கி அவளே பதில் சொல்லியிருப்பாள். நம் வீட்டில் ஆண்டவர் சம்பந்தப்பட்டதெல்லாம் அவள் பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பையோடு ஓசூருக்கு வந்து, தொழிற்பேட்டையில் கியர் செய்கிற கம்பெனியில் மெஷின் ஓட்டி, அங்கேயே ஓய்வும் பெற்றவன். பரம்பரைக் கிறிஸ்தவன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனேன், காணிக்கைப் பை பிடித்தேன், சபைக் கமிட்டியிலும் இருந்தேன். சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் அம்மா ஜெபிப்பாள், நீ கொட்டாவி விடுவாய், நான் கண்ணை மூடிக்கொண்டு மறுநாள் மாற்றவேண்டிய டூலைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பேன். அவள் குரல் இறங்குவதை வைத்து முடியப்போகிறது என்று தெரிந்துகொண்டு ஆமென் சொல்வேன். இதில் எனக்குக் குற்ற உணர்வும் இருந்ததில்லை. ரேஷன் கார்டில் பெயர் இருப்பதைப்போல சபையில் என் பெயர் இருந்தது. அதைத்தான் விசுவாசம் என்று நினைத்திருந்தேன்.

உன் அம்மா இங்கே பக்கத்தில் மத்திகிரியில் பிறந்தவள். உன் தாத்தா அங்கே கால்நடைப் பண்ணையில் மாடு பார்க்கிற வேலையில் இருந்தார். தெலுங்கு பேசுகிற கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னோடு தமிழில்தான் பேசினாள். உன்னை வளர்த்ததும் தமிழில். வேதம் வாசித்தது, பாட்டுப் பாடியது, ஜெபித்தது எல்லாம் தமிழில். அவளுடைய அப்பா வந்தால் மட்டும் சமையலறையில் இரண்டு பேரும் தெலுங்கில் குசுகுசுவென்று பேசுவார்கள். நான் போனால் தமிழுக்கு மாறிவிடுவார்கள். நமக்காக மாறுகிறார்கள் என்றுகூட அன்று எனக்குத் தோன்றியதில்லை. இந்த ஊரில் பாதிப் பேர் பேசுகிற பாஷையில் எனக்குத் தெரிந்தது காய்கறி வாங்கும் அளவுக்கு நாலு வார்த்தை.

அவளுக்குப் பக்கவாதம் வந்த காலை நீ கேள்விப்பட்டதுதான். மழைக்காலம். தோசைக்கல்லின் முன்னால் நின்றவள் கரண்டியைக் கீழே போட்டாள். எடுக்கக் குனிந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். எதிர்வீட்டு சரோஜம்மாவும் அவள் வீட்டுக்காரரும் வந்து ஆட்டோவில் தூக்கி வைத்தார்கள். நீ ஓடி வந்தாய், ஆஸ்பத்திரியில் கூட இருந்தாய், வீட்டுக்குக் கொண்டுவந்து விட்ட பிறகு வேலைக்குத் திரும்பினாய். உயிருக்கு ஆபத்து இல்லை, வலது கையும் பேச்சும் மெல்ல வரும் என்று டாக்டர் சொன்னதை வைத்துக்கொண்டு நீ தைரியமாகப் போனாய். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உனக்கு நான் சொன்னதில்லை. போனில் "அம்மா எப்படி இருக்கா?" என்று கேட்பாய். "நல்லா இருக்கா" என்பேன். அதற்குமேல் சொல்ல எனக்கும் வார்த்தை இல்லை.

வீட்டுக்கு வந்து சில நாளில் அவளுக்குச் சத்தம் வர ஆரம்பித்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் எதுவும் தெளிவில்லை. சாயங்காலம் ஆனதும் வேதம் வைத்திருக்கிற அலமாரியையே பார்ப்பாள். புரிந்துகொண்டு நான் எடுத்து ஒரு சங்கீதம் வாசிப்பேன். கொஞ்சம் வாசித்ததும் தலையை ஆட்டி, "காது, காது" என்பாள். காதுவலி என்று நினைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மறுநாள் ஆட்டோ வைத்து டவுனில் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அன்று சாயங்காலமும் அதே "காது". இன்னொரு நாள், "சூடு, சூடு" என்றாள். டிசம்பர் குளிர் உனக்குத் தெரியும். அந்தக் குளிரில் ஃபேனைப் போட்டுவிட்டேன். அவள் இடது கையால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாத பார்வை.

இதற்கு நடுவில் "நாயனா, நாயனா" என்று வேறு சொல்ல ஆரம்பித்தாள். அது மட்டும் எனக்குத் தெரிந்த வார்த்தை. அவள் தன் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள். இறந்துபோன தகப்பனைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். போகிற காலத்தில் இருப்பவர்கள்தான் முன்னே போனவர்களைக் கூப்பிடுவார்கள் என்று எங்கள் ஊரில் பேசிக்கொள்வதைக் கேட்டு வளர்ந்தவன் நான். பரணிலிருந்து உன் தாத்தாவின் போட்டோவை இறக்கித் துடைத்து அவள் மடியில் வைத்தேன். கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு அதை ஓரமாக நகர்த்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் "நாயனா" என்றாள்.

அந்த நேரத்தில் சரோஜம்மா பால் கொண்டுவந்தாள். அவள் வீட்டிலும் தெலுங்குதான். அவர்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள், நம் வழக்கமெல்லாம் அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது. வாசலில் நின்றபடியே அம்மா முனகுவதைக் கேட்டுவிட்டு உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். குனிந்து காது கொடுத்துக் கேட்டாள்.

"அண்ணா, அக்கா தெலுங்குல பேசறாங்க. உங்களுக்குத் தெரியலையா?"

"அப்பாவக் கூப்புடறா. அது தெரியுது."

"அப்பாவ இல்லண்ணா. 'சூடு நாயனா'ங்கறாங்க. பாரு நாயனான்னு அர்த்தம். செத்துப்போனவர யாராவது பாரு பாருன்னு சொல்லுவாங்களா? கண்ண மூடிக்கிட்டு, கைய இப்படி வச்சுக்கிட்டு சொல்றாங்க பாருங்க. உங்க சாமிகிட்டப் பேசறாங்கண்ணா."

அப்படியானால் 'காது'? "காதுன்னா 'இல்ல', 'அது இல்ல'ன்னு அர்த்தம். நீங்க ஏதோ வேற செய்யறீங்க, அது வேணாங்கறாங்க" என்றாள். காது டாக்டர் கதையைச் சொன்னேன். சரோஜம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மாவுக்கும் புரிந்திருக்கிறது, தோள் குலுங்கியது. நான் சிரிக்கவில்லை. இத்தனை வருடம் ஒரே பாயில் படுத்தவள், உயிர்போகிற ஆபத்திலிருந்து எழுந்து வந்து பேசுகிறாள், எனக்கு எதிர்வீட்டுக்காரி வந்து சொல்லவேண்டியிருக்கிறது. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் சொன்னேன். சிலருக்கு முதலில் படித்த பாஷை முதலில் திரும்பும், தமிழும் பின்னால் வரும், அதுவரை அவர்களுக்கு வருகிற பாஷையிலேயே பேசுங்கள் என்றாள். உன் அம்மா முதலில் படித்தது தெலுங்கு. அவள் முதலில் ஜெபித்ததும் அதில்தான், மத்திகிரி வீட்டில், அவளுடைய நாயனாவின் பக்கத்தில் உட்கார்ந்து.

சாயங்காலம் நான் தமிழில் வாசித்தால் தலையை ஆட்டுகிறாள். பேசாமல் இருந்தால் அலமாரியைப் பார்க்கிறாள். என்ன செய்வது? என்னோடு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய டேவிட்ராஜ் உனக்கு ஞாபகம் இருக்கும், கிறிஸ்துமஸுக்கு முறுக்கு டப்பாவோடு வருவானே, அவன்தான். ஆந்திராவில் குப்பம் பக்கத்துக்காரன், தெலுங்கு சபைக்குப் போகிறவன். இப்போது ராயக்கோட்டை ரோட்டில், சானமாவு தாண்டி வீடு கட்டிக்கொண்டு இருக்கிறான். சரோஜம்மாவை அம்மாவுக்குத் துணை வைத்துவிட்டு பஸ் ஏறிப் போனேன். பரமண்டல ஜெபத்தைத் தெலுங்கில் சொல்லிக்கொடு என்றேன். "உங்களுக்கு எதுக்குண்ணா, நீங்க தமிழ்ல சொல்லுங்க, ஆண்டவருக்குத் தமிழ் தெரியும்" என்றான். "ஆண்டவருக்கில்லடா, உங்க அண்ணிக்கு" என்றேன். காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்புறம் தமிழ் எழுத்தில் அவன் சொல்லச் சொல்ல எழுதினேன்.

மகனே, அந்த ஜெபத்தை நான் சொல்லத் தொடங்கியபோது எனக்குப் பால்பல் விழவில்லை. எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆனால் அன்றுதான் ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். டேவிட்ராஜ் சொல்வான். நான் அதைத் தமிழில் நினைத்துப் பார்ப்பேன். ஓ, இதையா கேட்கிறோம் என்று இருக்கும். அன்றைக்கு வேண்டிய சாப்பாட்டை அன்றைக்கு மட்டும் கேட்கிறோம் என்பதே அப்போதுதான் மண்டையில் ஏறியது. பி.எஃப். பணத்தைப் பிரித்துப் பிரித்துப் போட்டு வைத்திருந்தவன் நான். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு வார்த்தை வந்தது. அதற்கு அர்த்தம் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. தமிழிலும் சித்தம், தெலுங்கிலும் சித்தம்தான். அங்கே என் பேனா நின்றுவிட்டது.

"என்னண்ணா?"

"இதை நான் சொல்லமாட்டேன்."

"ஏன்?"

"உன் சித்தப்படி ஆகட்டும்னு கேக்கணும். ஆயிருச்சே டேவிட்டு. யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காதவ. அவ வாயைக் கட்டிப்போட்டதுதான் சித்தம்னா, இன்னும் ஆகட்டும்னு நான் எப்படிக் கேப்பேன்?"

அவன் எழுந்துபோய் டீ கொண்டுவந்தான். அவன் மூத்த பையன் பைக் விபத்தில் போனது உனக்குத் தெரியும். நான் அந்த அடக்கத்துக்குப் போய், நாலு பேரோடு நின்று, அவன் தோளைத் தட்டிவிட்டு வந்தேன். அதோடு சரி. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "எனக்கும் தெரியாதுண்ணா. பையன் போனதுக்கப்புறம் நானும் அந்த இடத்துல நின்னுட்டேன். ரொம்ப நாள் அந்த ஒரு வரிய மட்டும் விட்டுட்டு மீதியச் சொல்லுவேன். அப்புறம் ஒருநாள் சொன்னேன். பக்தியா எல்லாம் இல்ல, சண்டை போடற மாதிரி சொன்னேன். ஆகட்டும், ஆனா நீ என்கூட இருக்கணும்னு சொன்னேன். அவ்ளோதாண்ணா எனக்குத் தெரிஞ்சது." பிறகு, "நீங்க வேணா அந்த வரிய இப்போ விட்டுருங்க, மீதிய எழுதுங்க" என்றான். மீதியை எழுதினேன். திரும்பி வரும்போது சானமாவில் யானைக்கூட்டம் ரோட்டைக் கடக்கிறது என்று வனத்துறைக்காரர்கள் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார்கள். நான் இருட்டுவதற்குள் தாளைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் நாற்காலிக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். தாளை எடுத்து வாசித்தேன். முதல் வார்த்தையிலேயே அவள் கண்ணைத் திறந்துவிட்டாள். என் தெலுங்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துக்கொள். ஓர் இடத்தில் இடது கை விரலைத் தூக்கி, "காது" என்றாள். இந்த முறை நான் டார்ச்சைத் தேடவில்லை. திருப்பிச் சொன்னேன். மறுபடி "காது". மறுபடி சொன்னேன். நான் சொன்னது என்ன அபத்தமோ, அவள் சிரித்துவிட்டாள். விழுந்த நாளிலிருந்து சத்தமாகச் சிரித்தது அன்றுதான். பிறகு அவளே எனக்குக் கோணல் வாயால் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தாள். நான் விட்டுவிட்ட வரி வந்த இடத்தில் நான் தாண்டிப் போனேன். அவள் போகவில்லை. அங்கே நின்று, திக்கித் திக்கி, அந்த ஒரு வரியை மட்டும் தானே சொல்லி முடித்தாள். யாருடைய வாய் போனதற்காக நான் அதைச் சொல்லமாட்டேன் என்றேனோ, அவளே சொன்னாள். எழுந்துபோய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன்.

இதற்குப் பிறகு நான் பக்திமான் ஆகிவிட்டேன் என்று நீ நினைத்தால் தப்பு. அடுத்த மாதமே அதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. வருடப் பிறப்பை ஒட்டி நம் சபையில் உடன்படிக்கை ஆராதனை நடக்கும், உனக்குத் தெரியும். சபை முழுக்க எழுந்து நின்று, என்னை உம்முடைய கையில் ஒப்புக்கொடுக்கிறேன், எந்த வேலையிலும் வையும், வேலையே இல்லாமலும் வையும் என்கிற மாதிரி ஒரு வாக்கைச் சேர்ந்து வாசிப்போம். வருடாவருடம் நான் கணீரென்று வாசிப்பேன், என் குரல் பின்வரிசைவரை கேட்கும். அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து, பக்கத்தில் நின்று தாளைப் பிரித்தேன். தெலுங்கு படித்த பழக்கம், அர்த்தம் பார்த்துப் பார்த்து வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். முதல் இரண்டு வரியிலேயே வாய் மூடிக்கொண்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த ஆராதனையில் சும்மா நின்றேன். சுற்றிலும் எல்லோரும் வாசிக்கிறார்கள். என்னைத் தவிர சும்மா இருந்தது உன் அம்மா ஒருத்தி. அவளுக்கு வாய் வராது, எனக்கு வந்தது, நான் திறக்கவில்லை. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இடது கையை நீட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

ஆராதனை முடிந்து வாசலில் ஐயர் கைகொடுக்கும்போது சொல்லிவிட்டேன். நம் ஐயருக்கு உன் வயதுதான் இருக்கும்.

"ஐயரே, நான் இன்னைக்கு உடன்படிக்கை வாசிக்கல."

"தொண்டை சரியில்லையா?"

"தொண்டை நல்லாத்தான் இருக்கு. எப்படி வச்சாலும் சரின்னு அதுல எழுதியிருக்கு. எனக்குச் சரியில்ல."

எனக்குப் பின்னால் கைகொடுக்க ஆட்கள் காத்திருந்தார்கள். "அப்ப சொல்லாதீங்க. அடுத்த வாரம் வருவீங்கதானே?" என்றார்.

"வருவேன்."

"வாங்க. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

அவ்வளவுதான். பிரசங்கம் பண்ணவில்லை, வீட்டுக்கு வந்து ஜெபிக்கிறேன் என்றும் சொல்லவில்லை. ஆட்டோவில் வரும்போது எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கினாற்போல் இருந்தது. இத்தனை காலம் நான் ஆண்டவரிடம் சொன்னதில் முதல் உண்மை அதுதான், சொல்லமாட்டேன் என்றது. நீ வியாழக்கிழமை போனில் உள்ளே ஒன்றுமில்லை என்று சொன்னபோது எனக்கு அந்த ஆட்டோ சவாரிதான் ஞாபகம் வந்தது. அதனால்தான் உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கணீரென்று பொய்யாக வாசித்துக்கொண்டிருந்த என்னைவிட நீ ஆண்டவருக்குக் கிட்டத்தில் இருக்கிறாய் என்றுதான் பட்டது.

அந்த வருடம் முழுக்கச் சாயங்காலங்கள் அப்படியே போயின. நான் ஸ்டூலில், அவள் நாற்காலியில். காலண்டர் தாள் கிழிந்துபோய், அதற்குள் மனப்பாடம் ஆகிவிட்டது. அவளுக்குத் தமிழ் ஒன்றிரண்டாகத் திரும்பியது. முதலில் உன் பெயர், பிறகு 'உப்பு', பிறகு என்னைக் கூப்பிடுகிற 'ஏங்க'. நான் ஜெபித்ததெல்லாம் அவளுக்காகத்தான். அவளுக்கு வேண்டும் என்பதால் செய்தேன், மாத்திரை எடுத்துக் கொடுப்பதைப்போல, கையைப் பிடித்துப் பயிற்சி கொடுப்பதைப்போல. ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டு ஜெப நேரத்துக்கு முன்னாலேயே தூங்கிவிட்டாள். வெளியில் நல்ல மழை, கரண்ட் இல்லை. இன்றைக்கு ஜெபம் தேவையில்லை என்று டீ போடப் போனேன். போட்டு எடுத்துக்கொண்டு வந்து, பழக்கதோஷத்தில் அதே ஸ்டூலில் உட்கார்ந்தேன். எதிரில் காலி நாற்காலி. வாய் தானாகத் தெலுங்கில் தொடங்கியது. பாதியில் நின்றது. கேட்க அவள் இல்லை, பிறகு யாருக்குச் சொல்கிறேன்?

அப்போது எனக்கு "எய்யா" என்று வந்தது. எங்கள் ஊரில் அப்பாவைக் கூப்பிடுகிற வார்த்தை. பெற்ற பிள்ளையையும் அப்படித்தான் கொஞ்சுவோம், நீ குழந்தையாக இருந்தபோது உன்னைக் கூப்பிட்டிருக்கிறேன். அந்த வார்த்தையை நான் ஆண்டவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவரிடம் பேச அச்சுத்தமிழ் வேண்டும் என்று நினைத்திருந்தேன். எய்யா, எனக்குப் பயமா இருக்கு என்றேன். இவ முன்னால போயிட்டா நான் என்ன செய்வேன் என்றேன். அலுத்துப்போச்சு, கோபமா இருக்கு, உம்மேலதான் கோபம் என்றேன். டேவிட்ராஜ் பையனுக்காக அன்று நான் அழவில்லையே என்று சொல்லி, அப்போது அழுதேன். ஒன்றும் வேண்டும் என்று கேட்டதாக ஞாபகமில்லை. சொல்லிக்கொண்டே இருந்தேன். டீ ஆறிப் பாலாடை கட்டிவிட்டது. வெளிச்சம் வரவில்லை, குரல் கேட்கவில்லை, உடம்பு சிலிர்க்கவில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது, கரண்ட் வந்தது, எழுந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஆனால் மறுநாள் அதே நேரத்துக்கு எனக்கு உட்காரவேண்டும்போல் இருந்தது. பசி எடுப்பதைப்போல இருந்தது. அது இன்றுவரை அடங்கவில்லை. மனந்திரும்புதல், புதுப்பிறப்பு என்று கூட்டங்களில் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். எனக்கு நடந்தது அதுதானா என்று கேட்டால் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

அடுத்த வருடப் பிறப்பு உடன்படிக்கை ஆராதனையில் நான் வாசித்தேன். பழைய கணீர் இல்லை. நடுவில் ஓர் இடத்தில் வாசிக்க முடியாமல் நின்றுவிட்டேன். பக்கத்தில் நின்றவர்களின் சத்தம் அந்த வரியை எனக்காகக் கடத்திக் கொடுத்தது, அடுத்த வரியில் நான் சேர்ந்துகொண்டேன். சபையாகக் கூடி நிற்பது இதற்குத்தான் என்று அன்று புரிந்தது. எல்லோருக்கும் எல்லா நேரமும் வாய் வராது. வராதவனுக்காக வருகிறவன் சொல்கிறான். முந்தின வருடம் எனக்காக யார் யார் சொன்னார்களோ.

உன் கேள்விக்கு வருகிறேன். பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்லாதே. அப்பா சொல்கிறேன், சொல்லாதே. சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காதே, எனக்காகவும் சொல்லாதே. ஆனால் வராமல் இருந்துவிடாதே. வந்து முன்னால் நில். உனக்கு ஜெபம் வரவில்லை என்றாயே, வராததையே அவரிடம் சொல்லிப் பார். நீ வீட்டில் பேசுகிற தமிழிலேயே சொல், ஷீலாவோடு பேசுகிற பாதி இங்கிலீஷிலும் சொல்லலாம். கோபமிருந்தால் கோபமாகச் சொல். நான் கண்டுகொண்டதெல்லாம் இவ்வளவுதான். உன் வயதில் எனக்கு இது தெரிந்திருந்தால் உன்னை ஐயரிடம் போய்க் கேட்கச் சொல்லியிருக்கமாட்டேன், அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

நீ கேட்டதை அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மறைத்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். சனிக்கிழமை டீ குடிக்கும்போது சொன்னேன். வருத்தப்படுவாள் என்று பயந்தேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் வார்த்தை தேடினாள். இப்போதும் ஒரு வாக்கியம் சேர அவளுக்கு நேரமாகும், பாதி தெலுங்கு கலந்து வரும், நாம்தான் பொறுமையாக இருக்கவேண்டும். கடைசியில், "அவன்... பிள்ளைய... பிடிச்சுக்கட்டும். நேனு... நான் சொல்றேன்" என்றாள்.

அன்றிலிருந்து பழகிக்கொண்டிருக்கிறாள். ஞானஸ்நான ஆராதனையின் பதிலை நான் வாசிக்க, அவள் திருப்பிச் சொல்கிறாள். விசுவாசிக்கிறேன் என்பது எவ்வளவு நீளமான வார்த்தை என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. நடுவில் அவளுக்கு நாக்கு மடங்கிவிடுகிறது. விட்டுவிட்டு, மூச்சு வாங்கி, முதலிலிருந்து தொடங்குகிறாள். ஐயரிடம் போய்ச் சொன்னேன்: பாட்டியும் கூட நிற்பாள், பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். "எவ்ளோ நேரம் ஆனாலும் நான் காத்திருக்கேன்" என்றார். ஆகவே அன்றைக்குச் சபை முழுக்க அமைதியாக நிற்கும், அவள் அந்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருப்பாள். நீயும் அவசரப்படாதே. அந்த நேரத்தில் உனக்கும் வாய் வந்தால் அவளோடு சேர்ந்து சொல். வராவிட்டால் பரவாயில்லை. தொட்டித் தண்ணீர் சில்லென்று இருக்கும், குழந்தை துள்ளும். அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்.

உன் அப்பா